கிரகணத்தில் இரண்டு வாத்தியங்கள்: டகேமிட்சுவின் ‘எக்லிப்ஸ்’

பீவா, ஷாகுஹாச்சி இரண்டுமே ஜப்பானின் பழைய வாத்தியங்கள். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவை. தந்தி வாத்தியமான பீவா கதை சொல்பவனின் மடியில் இருந்தது. போர், தோல்வி, சாவு என்று பாடிக்கொண்டே நடுநடுவே அதைத் தட்டுவான், மீட்டுவான். ஷாகுஹாச்சி தலையைக் கூடையால் மூடிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த ஃபுகே பிரிவு ஜென் துறவிகளின் மூங்கில் குழல். பிறகு வீட்டுக் கூடங்களில் கோட்டோ, ஷாமிசென் என்ற தந்தி வாத்தியங்களுடன் சேர்ந்து வாசிக்கப்பட்டது. பீவாவுக்குப் பக்கத்தில் அதை உட்காரவைக்கும் வழக்கம் கிடையாது.

1966-இல் இசையமைப்பாளர் டோரு டகேமிட்சு உட்காரவைத்தார். கால் மணி நேர அளவுள்ள அந்தப் படைப்பின் பெயர் ‘எக்லிப்ஸ்’. அடுத்த ஆண்டே அதன் பலனாக நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மேடையில் இதே இரண்டு வாத்தியங்கள் முழு ஆர்கெஸ்ட்ராவுடன் ஒலித்தன. ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ என்ற அந்தப் பெரிய படைப்புதான் உலகம் அறிந்தது. இரண்டு பேர் மட்டும் வாசித்த சிறியது அதன் முன்னோட்டமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறியதில்தான் காரியம் நடந்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விந்தை. இந்த மனிதருக்கு ஜப்பானிய இசையே பிடிக்காது.

டகேமிட்சு 1930 அக்டோபர் 8 அன்று டோக்கியோவில் பிறந்தவர். சின்ன வயது மஞ்சூரியாவின் டாலியன் நகரில் கழிந்தது. பள்ளிப் படிப்புக்காகத் திரும்பி வந்து டோக்கியோவில் அத்தை வீட்டில் வளர்ந்தார். அத்தை கோட்டோ வாசிப்பவர். வீட்டில் எந்நேரமும் அந்தத் தந்தி ஒலி. வெளியே போர். 1944-இல், பதினான்கு வயதில், ராணுவ வேலைக்கு இழுக்கப்பட்டார். மேற்கத்திய இசை தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. அங்கே ஒருநாள், பயிற்சியில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் பையன்களைக் கூட்டிவைத்து, மூங்கில் ஊசி பொருத்திய கிராமஃபோனில் ஒரு பிரெஞ்சுப் பாட்டைப் போட்டுக் காட்டினார். போர் முடிந்ததும் இசைதான் தன் வேலை என்று பையன் முடிவுசெய்துவிட்டான்.

அதனால் பிறகு பல ஆண்டுகள் ‘ஜப்பானியம்’ என்ற வாசனை அடித்தாலே ஒதுங்கிப் போனார். கோட்டோ என்றால் போர்தான் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் டெபுஸ்ஸியையும் மெஸ்ஸியானையும் பிடித்துக்கொண்டு, ஜப்பானிய இசையமைப்பாளர் யசுஜி கியோசேயிடம் கொஞ்ச காலம் கற்றதைத் தவிர, மற்றதையெல்லாம் தானாகவே படித்தார். 1950-இல் அவருடைய பியானோ படைப்பு ஒன்று அரங்கேறியபோது, விமர்சகர் கின்ஜி யமானே அதை ‘இசைக்கு முந்தியது’ என்று எழுதினார். இது இன்னும் இசையாகவே ஆகவில்லை என்று பொருள். இருபது வயதுப் பையனுக்கு இது எப்படிக் குத்தியிருக்கும்! அந்தச் சொல்லை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பம் ஒரே நாளில் வரவில்லை. 1950களின் பிற்பகுதியில் புன்ராக்கு பொம்மலாட்டத்தில் தடித்த ஷாமிசெனின் ஒலியைக் கேட்டு அதிர்ந்துபோனார். அப்புறம் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். ஜப்பானிய இசையமைப்பாளர் டோஷி இச்சியானாகி 1961-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து கேஜின் படைப்புகளை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டு கேஜே ஜப்பானுக்கு வந்தார். ஜென் பற்றியும் அமைதி பற்றியும் ஒலி ஒலியாகவே இருக்க விடுவது பற்றியும் ஓர் அமெரிக்கர் பேசக் கேட்டபிறகுதான், தன் வீட்டுக் கொல்லையில் கிடந்தது என்ன என்று டகேமிட்சு திரும்பிப் பார்த்தார். சொந்த மரபின் மதிப்பைக் கேஜ் வழியாகத்தான் உணர்ந்தேன் என்று பிற்காலத்தில் அவரே நன்றியோடு சொல்லியிருக்கிறார். சுற்றிவளைத்து வந்த வழிதான். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால்தான் நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்பது நமக்கும் தெரியாத விஷயமா?

ஆனால் கச்சேரி மேடைக்கு உடனே வந்துவிடவில்லை. சினிமாதான் அவருக்குப் பட்டறையாக இருந்தது. மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) படத்தில் பீவா வந்தது. அதே இயக்குநரின் ‘க்வைடான்’ படத்தில், கண் தெரியாத பீவாக் கலைஞன் ஹோய்ச்சியின் கதை வருகிறது. அங்கே பீவா வாசித்தவர் கின்ஷி ட்சுருதா. படத்துக்கு இசையமைப்பதில் ஒரு வசதி உண்டு. ஒலி தவறிப்போனால் இயக்குநர் வெட்டி எறிவார், அவ்வளவுதான். ‘இது ஜப்பானிய இசையா, மேற்கத்திய இசையா’ என்று அங்கே யாரும் விசாரணை வைக்க மாட்டார்கள். ஒலிநாடாவை வெட்டி ஒட்டியும், தட்டியும் தேய்த்தும், இந்த வாத்தியங்களுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவர் நோண்டிப் பார்த்தது அங்கேதான். பீவா வாசிக்கவும் கற்றுக்கொண்டார்.

ஆக 1966-இல் அவர் கையில் இருந்தவை இவை: வாத்தியங்கள் பற்றிய நேரடி அறிவு, ஜப்பானிய வாத்தியத்தைத் தொட்டாலே ‘நாட்டுப்பற்று இசை’ ஆகிவிடுமோ என்ற பழைய பயம், இரண்டு அசாத்தியமான வாசிப்பாளர்கள்.

அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கின்ஷி ட்சுருதா 1911-இல் ஹொக்கைடோவில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பீவாவில் பெயர் வாங்கியவர். நடுவில் பல ஆண்டுகள் வாசிப்பை விட்டுவிட்டு வணிகம் பார்த்தவர். நடுவயதில் திரும்பி வந்தார். அவர் கையாண்டது சட்சுமா பீவா. தெற்கே சட்சுமா பகுதிச் சாமுராய்களின் வளர்ப்போடு சேர்ந்த முரட்டு வாத்தியம் அது. நான்கு தந்தி, நான்கு மெட்டு (தந்திக்கு அடியில் சுரம் பிரிக்கும் கட்டை) என்றிருந்ததை விட்டு, ஐந்து தந்தி, ஐந்து மெட்டு உள்ள வடிவத்தைத் தன் பாணியாக ஆக்கிக்கொண்டார். கட்சுயா யோகோயாமா அவரைவிட இருபத்து மூன்று வயது இளையவர், 1934-இல் பிறந்தவர். ராண்டோ ஃபுகுடாவிடமும் வாட்டாஜுமி டோசோவிடமும் ஷாகுஹாச்சி கற்றவர். முதலாமவர் புதுமையான படைப்புகள் எழுதியவர், இரண்டாமவர் மூச்சையே தவமாக எடுத்துக்கொண்டவர். இரண்டும் யோகோயாமாவின் குழலில் கேட்கும்.

இப்போது வாத்தியங்களுக்கு வருவோம், ஏனென்றால் படைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பீவாவின் உடல் முசுக்கட்டை மரத்தால் ஆனது. பட்டுத் தந்திகள். வலது கையில் விசிறி போல் விரிந்த பெரிய மரத்தகடு. அதன் பெயர் பாச்சி. அதைக் கொண்டு தந்தியை மீட்டலாம், தந்தியோடு சேர்த்து மரத்தின் மேல் ‘பட்’டென்று அறையலாம், தந்தியின் நீளவாக்கில் தேய்க்கலாம். மெட்டுகள் உயரமானவை என்பதால், இரண்டு மெட்டுக்கு நடுவில் தந்தியை அழுத்தி அழுத்திச் சுரத்தை வளைக்கலாம். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் செய்வதை இங்கே கீழ்நோக்கி அழுத்திச் செய்கிறார்கள்.

அப்புறம் ‘சவாரி’. நம் காதில் குதிரை ஏறுவது போல விழுந்தாலும் ஜப்பானிய மொழியில் இதற்குத் தொடுவது, உரசுவது என்று பொருள். மெட்டின் மேற்பரப்பு அகலமாக இருக்கும். தந்தி அதிர்கிறபோது அந்தப் பரப்பில் லேசாக உரசி ‘ஸ்ஸ்ங்’ என்ற கரகரப்பை எழுப்பும்படி அதைச் செதுக்கி வைத்திருப்பார்கள். தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி, ‘ஹா, வந்துவிட்டது’ என்று ஓரிடத்தில் நிறுத்துவோமே, அதே குடும்பத்துச் சங்கதிதான். நூல் இல்லாத தம்பூராவும் சுருதி சொல்லும், ஆனால் அதில் ஜீவன் இருக்காது. இதைத் தமிழ்நாட்டுக் கச்சேரிக் காது உடனே புரிந்துகொள்ளும். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் வளர்ந்த காதுக்கு அது முதலில் கோளாறாகத்தான் படும். ஒரு வேறுபாடு உண்டு. தம்பூராவில் அந்தக் கரகரப்பு பின்னால் விரித்த பாய் மாதிரி நிற்காமல் ஓடும். பீவாவில் ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை எழுந்து, நடுங்கி, செத்துப்போகும். அது சாகும் நேரம்தான் டகேமிட்சுவுக்கு வேண்டியது.

ஷாகுஹாச்சி ஐந்தே துளைகள் உள்ள மூங்கில்: முன்னால் நான்கு, பின்னால் ஒன்று. வழக்கமான நீளம் ஒரு ஷாகு எட்டு சுன், அதாவது ஏறக்குறைய 54.5 சென்டிமீட்டர், பெயரே அந்த அளவிலிருந்து வந்ததுதான். நம் புல்லாங்குழல் போலக் குறுக்கே பிடிப்பதில்லை. மேல்முனையில் சீவிவிட்ட விளிம்பில் உதட்டை வைத்து நேராக ஊதுகிறார்கள். தாடையைக் கீழே தாழ்த்தினால் சுரம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். ‘முராய்கி’ என்று ஓர் ஊதல் உண்டு: குழலுக்குள் காற்று வெடித்து இறங்க, சுரத்தைவிட மூச்சே அதிகமாகக் கேட்கும். அழுகிய மூங்கில் தோப்புக்குள் காற்று புகுந்துபோகிற ஒலி, அதுதான் ஷாகுஹாச்சி ஆசான்கள் அடைய விரும்பும் ஒலி என்று டகேமிட்சு எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டையும் சேர்த்து எழுதச் சொன்னால் சாதாரண இசையமைப்பாளர் என்ன செய்வார்? குழலுக்கு மெட்டு, தந்திக்குத் துணை. இல்லையென்றால் இருவருக்கும் பொதுவான ஒரு ராக அளவுகோலைத் தந்து, தாளத்தில் கட்டி, கேள்வி பதில் வாசிக்கவைப்பார். கேட்க இனிமையாகவும் இருக்கும், ஃப்யூஷன் கச்சேரிகளில் நாம் மாதம் மூன்று பார்ப்பதும் இதைத்தான்.

டகேமிட்சு முதல் வேலையாகப் பொதுத் தாளத்தை எடுத்துவிட்டார். ‘எக்லிப்ஸ்’ படைப்பில் இருவரும் எண்ணிக்கொண்டு போகும் அடி என்று ஒன்று கிடையாது. ஒருவர் ஒலி தேயும்போது மற்றவர் நுழைகிறார், அல்லது நுழையாமல் விடுகிறார். இருவரையும் கட்டுவது கேட்பது மட்டும்தான்.

அடுத்து, ஐந்து கோட்டு மேற்கத்தியச் சுரலிபியையும் ஒதுக்கிவைத்தார். வரைபடம் போன்ற குறிகளும், எந்தத் தந்தி, எந்த இடம், எப்படித் தட்டுவது என்று கைக்கு வழிகாட்டும் குறிகளுமாக எழுதினார். இது அந்தக் காலத்துப் புதுமை மோகம் என்று சிலர் நினைக்கக்கூடும். உண்மையில் 1960களில் வரைபடச் சுரலிபி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு மோகமாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே காரணம் நடைமுறையானது. பீவாவின் ஓர் அடியில் சுரம் ஒரு பங்கு, மர ஓசை ஒரு பங்கு, கரகரப்பு ஒரு பங்கு. ஐந்து கோட்டில் சுரத்தை மட்டும் எழுதி வைத்தால் மீதி இரண்டும் காணாமல் போய்விடும். கமகத்தைச் சுரப்படுத்தி எழுத உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

மூன்றாவது, ‘மா’. இரண்டு ஒலிகளுக்கு நடுவே உள்ள வெளி. இதை அமைதி என்றோ இடைவெளி என்றோ மொழிபெயர்த்தால் பாதிதான் வரும், ஏனென்றால் அந்த வெளி காலியாக இல்லை. டகேமிட்சு சொன்ன ஒரு சம்பவம் இதற்கு நல்ல விளக்கம். யோகோயாமாவின் ஆசான் வாட்டாஜுமி ஒருமுறை அவருக்காக ஷாகுஹாச்சி வாசித்தார். பக்கத்தில் அடுப்பில் சுகியாகி என்ற இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசித்து முடித்ததும், என்ன கேட்டது என்று ஆசான் கேட்க, சுகியாகி கொதிக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது என்று டகேமிட்சு சொல்லிவிட்டார். அப்படியானால் என் இசையைக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு அதுவே அத்தாட்சி என்றாராம் ஆசான். நம் ஊரில் வித்வானிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராது.

நான் முதல்முறை ‘எக்லிப்ஸ்’ ஒலிப்பதிவைக் கேட்டது இயர்ஃபோனில், பேருந்தில். ஓர் அடி விழுந்தது, பிறகு ஒன்றும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். நேரக்கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி கேட்டது இரவில், வீட்டில், ஸ்பீக்கரில். இந்த முறை அடி விழுந்தபின் அதன் கரகரப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காது பின்தொடர்ந்தது. ஓரிடத்தில் அது முடிந்ததா, மின்விசிறிச் சத்தத்தோடு கலந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதே நேரத்தில் குழலில் காற்று மட்டும் நுழைந்தது. சுரம் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தபோது, அது தந்தியின் மிச்சத்தை மூடிக்கொண்டது. தலைப்பின் பொருள் எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

ஜப்பானிய மொழியில் இதன் பெயர் ‘ஷோகு’. கிரகணத்தைக் குறிக்கும் அந்த எழுத்தில் உண்பது, பூச்சி என்ற இரண்டு உறுப்புகள் சேர்ந்திருக்கின்றன: பூச்சி அரிப்பதுபோல ஓரத்திலிருந்து தின்றுகொண்டு போவது. நாம் கிரகணம் ‘பிடிக்கிறது’ என்கிறோம், பாம்பு விழுங்குகிறது என்கிறோம். அவர்களுடையதில் விழுங்கல் இல்லை, அரிப்பு இருக்கிறது. படைப்பில் நடப்பதும் அதுதான். பீவா குழலை அமுக்குவதில்லை, குழல் பீவாவைத் தாண்டிச் செல்வதில்லை. ஒன்றின் ஓரத்தை மற்றது கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது, பிறகு விலகிவிடுகிறது. இரண்டும் கடைசிவரை தனித்தனிக் கோள்களாகவே இருக்கின்றன.

விமர்சகர் யமானேயின் ‘இசைக்கு முந்தியது’ இங்கே வேறு மாதிரி திரும்பி வருகிறது. சுரமாவதற்கு முந்திய மூச்சு, நாதமாவதற்கு முந்திய மரத்தட்டல்: பதினாறு ஆண்டுகளுக்கு முன் வசையாக வந்த சொல்லைப் படைப்பின் பொருளாகவே ஆக்கிவிட்டது போல் இருக்கிறது. டகேமிட்சு அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தார் என்று நான் சொல்லவில்லை. கேட்பவனுக்கு அப்படிப் படுகிறது.

விளைவுக்கு வருவோம். செய்ஜி ஒசாவா அப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்கெஸ்ட்ரா நடத்துநராக மேலேறிக்கொண்டிருந்தார். ‘எக்லிப்ஸ்’ ஒலிநாடாவை அவர் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைனுக்குப் போட்டுக் காட்டினார். 1842-இல் தொடங்கிய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் தன் 125-ஆம் ஆண்டுக்குப் புதுப் படைப்புகள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரம். இந்த இரண்டு வாத்தியங்களையும் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்து எழுதுங்கள் என்று டகேமிட்சுவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அவர் டெபுஸ்ஸியின் இரண்டு படைப்புகளின் சுரலிபிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மலைவீட்டுக்குப் போனார். முதலில் இரண்டு உலகங்களையும் கலக்கத்தான் பார்த்தார். வரவில்லை. எழுதியதைத் தூக்கிப்போட்டுவிட்டு, கலக்காமல், வேறுபாட்டையே எடுத்துக்காட்டுவது என்ற முடிவுக்கு வந்தார். 1967 நவம்பர் 9 அன்று ஒசாவா நடத்த, ட்சுருதாவும் யோகோயாமாவும் வாசிக்க, ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ நியூயார்க்கில் அரங்கேறியது. பதினோராம் மாதம், பதினொரு படிகள். ஆர்கெஸ்ட்ராவை மேடையின் இடமும் வலமுமாகப் பிரித்து உட்காரவைத்திருந்தார். அதன் பிற்பகுதியில் ஆர்கெஸ்ட்ரா வாயை மூடிக்கொள்ள, பீவாவும் ஷாகுஹாச்சியும் தனியே நெடுநேரம் வாசிக்கும் ஒரு கடென்ஸா வரும். பெரிய அரங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் பகுதி அது.

என் வாதம் அந்தக் கடென்ஸாவில்தான் நிற்கிறது. அது ‘எக்லிப்ஸ்’ போட்ட குட்டி. ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ கேட்டவர்களின் நினைவில் தங்குவது ஆர்கெஸ்ட்ரா சும்மா இருக்கும் இடம் என்றால், அந்த ஆர்கெஸ்ட்ரா எதற்கு? கொஞ்சம் அநியாயமான கேள்விதான். ஒப்பிட்டுக் காட்ட எதிரே ஒன்று வேண்டாமா என்று கேட்பார்கள். நியூயார்க்குக்கு வேண்டியிருக்கலாம். கிழக்கும் மேற்கும் எதிரெதிரே நிற்கும் காட்சி விளங்குவதற்கு எளிது. பத்திரிகையில் எழுதவும் எளிது. ‘எக்லிப்ஸ்’ படைப்பில் மேற்கு மேடையிலேயே இல்லை. ஒரே நாட்டின் இரண்டு வாத்தியங்களே ஒன்றுக்கொன்று அந்நியமானவை என்று அது காட்டுகிறது. ‘ஜப்பானிய மரபு’ என்று ஒற்றையாக ஒன்று இருப்பதாகப் போர்க்காலம் சொல்லிக்கொடுத்ததை நம்பாத மனிதர் எழுதியது என்பதால், இது எனக்கு இன்னும் துணிச்சலாகப் படுகிறது.

குறையும் உண்டு. கேட்பவரிடம் இது நிறையக் கேட்கிறது. பிடித்துக்கொள்ள மெட்டு இல்லை, தாளம் இல்லை. நடுப்பகுதியில் என் கவனம் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாவது நழுவுகிறது. அதைவிடப் பெரியது, இந்தப் படைப்பு இரண்டு பேரின் கைக்கும் மூச்சுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. குறிகள் எங்கே தட்டுவது என்று சொல்கின்றன. ட்சுருதா தட்டியபின் எவ்வளவு காத்திருந்தார் என்பதைச் சொல்வதில்லை.

டகேமிட்சு இதே வழியில் நெடுந்தூரம் போகவில்லை. 1973-இல் மூன்று பீவாக்களுக்கு ‘வாயேஜ்’, இதே இருவருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக ‘ஆட்டம்’ (Autumn, இலையுதிர்காலம்). அந்த எழுபதுகளிலேயே ககாக்கு என்ற ஜப்பானிய அரசவை இசைக் குழுவுக்காகவும் எழுதினார். பிறகு பெரும்பாலும் மேற்கத்திய வாத்தியங்களுக்கே திரும்பிவிட்டார். ஆனால் கை மாறிவிட்டது. பிந்தைய சேம்பர் இசைப் படைப்புகளில் (சிறு குழுக்களுக்கானவை) மேற்கத்தியப் புல்லாங்குழல்கூட மூச்சுக் கலந்து, சுரத்தின் ஓரம் அரிக்கப்பட்டு வருவதைக் கேட்கலாம்.

ட்சுருதா 1995-இல் காலமானார். டகேமிட்சு 1996 பிப்ரவரி 20 அன்று. யோகோயாமா 2010-இல். ட்சுருதாவின் சீடர் யூகியோ தனாகாவும் ஷாகுஹாச்சிக் கலைஞர் கிஃபு மிட்சுஹாஷியும் போன்றவர்கள் பிறகு இந்தப் படைப்புகளை மேடையில் எடுத்துச் சென்றார்கள். ஏட்டில் இல்லாத அந்தக் காத்திருப்பை ட்சுருதா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் சீடர்கள் பிடித்திருக்க வேண்டும். நமக்கு மிஞ்சியிருப்பவை ஒலிப்பதிவுகள். ஸ்பீக்கரில் கேளுங்கள், பேருந்தில் வேண்டாம்.